மக்காச்சோளக் கதிரில் ரோஸ் பூசணம்: அஃப்ளா டெஸ்ட் பாஸ் ஆனால் போதுமா?

கரிசல்மானாவாரி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பெரம்பலூர் பக்கம் கரிசல் மண், மானாவாரி மக்காச்சோளம். ஆவணிக் கடைசியில் விதைத்தோம், படைப்புழுவோடு மல்லுக்கட்டி ஒருவழியாகக் கதிர் பிடித்து முற்றியும் விட்டது, ஒடிக்க ஆள் சொல்லி வைத்திருந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கதிர் தட்டையிலேயே நனைந்தபடி நின்றது. இப்போது ஒடித்துத் தோகையை உரித்துப் பார்த்தால் பல கதிர்களில் நுனிப் பக்கம் வெள்ளையும் ரோஸும் கலந்த பூசணம். சிலவற்றில் புழு தின்ற இடத்தைச் சுற்றி மட்டும். இன்னும் சில கதிர்களில் பூசணமே இல்லை, ஆனால் மணியின் தலையிலிருந்து வெள்ளைக் கோடு கோடாகக் கீழே இறங்குகிறது.

வியாபாரி ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்துவிட்டு குவிண்டாலுக்கு நன்றாகவே குறைத்துக் கேட்கிறார். இன்னொருவர் சாம்பிள் எடுத்துப் போய், அஃப்ளா டெஸ்ட் பாஸ், சரக்கு பரவாயில்லை, ஆனால் கலர் இல்லை என்கிறார். அஃப்ளா பாஸ் என்றால் விஷம் இல்லை என்றுதானே அர்த்தம், அப்புறம் எதற்கு விலையைக் குறைக்க வேண்டும்?

இது என்ன பூசணம், வீட்டு மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் போடலாமா? வீட்டுச் செலவுக்குக் கொஞ்சம் எடுத்து வைத்து ரவை உடைப்போம், அதை என்ன செய்வது? பக்கத்துக் கிணற்றுப் பாசனத்தில் வாழைக்கு வாடல் நோய் வந்திருக்கிறது, அது ஃபியூசேரியம் என்ற பூஞ்சையால் வருவது என்று சொல்கிறார்கள், அங்கிருந்து தாவியிருக்குமா? அடுத்த போகத்துக்கு விதை நேர்த்தி செய்தால் நிற்குமா? நெட்டில் தேடினால் எல்லாம் அமெரிக்கக் கோதுமையைப் பற்றியே வருகிறது.

---

பூஞ்சைப்பித்தன் பதில்:

அண்ணா, நான் பயிர் நோயியல் ஆராய்ச்சி மாணவன், கதிர் அழுகல் என் தலைப்பை ஒட்டியது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்லக் கூடாது. ஆனால் அந்த வெள்ளைக் கோடு இருக்கிறதே, அது பெரும்பாலும் ஃபியூசேரியம் வெர்டிசிலியாய்டிஸ் வேலைதான். பழைய புத்தகங்களில் இதையே ஃபியூசேரியம் மொனிலிஃபார்மே என்று போட்டிருப்பார்கள். பூஞ்சை இழை மணித் தோலுக்கு அடியில் பரவினால் அப்படிக் கோடு விழும். ரோஸ் பூசணமும் அதேதான். அஃப்ளா என்று சுருக்கிச் சொல்கிற அஃப்ளாடாக்சின் விஷத்தை உண்டாக்குவது வேறொரு பூஞ்சை, ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ், அது பச்சையும் மஞ்சளும் கலந்த பொடியாகத் தெரியும். உங்கள் சாம்பிளில் அந்த விஷம் வரம்புக்குள் இருக்கிறது, அவ்வளவுதான் அந்த டெஸ்ட் சொன்னது. ஃபியூசேரியம் உண்டாக்குவது ஃபுமோனிசின் என்ற வேறு விஷம். அதற்குத் தனி கிட் வேண்டும், வாங்க வருகிற வியாபாரி அதை வைத்திருப்பது அபூர்வம்.

இந்தப் பூஞ்சையைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கே ஒரு மரியாதை வந்துவிட்டது. விதையிலேயே வரும், பயிரின் தண்டுக்குள் ஒரு தொல்லையும் கொடுக்காமல் கூடவே வளரும், செடி பச்சைப் பசேலென்று இருக்கும். காற்றில் வரும் வித்துகள் கதிர் நுனியில் தொங்கும் பட்டு இழை வழியாகவும் இறங்கும். புழு துளைத்த ஓட்டை கிடைத்தால் இன்னும் சுலபம். அதனால்தான் உங்களுக்குப் புழு தின்ற இடத்தைச் சுற்றி அதிகம். பூசணமே கண்ணுக்குத் தெரியாத கதிரிலும் ஃபுமோனிசின் இருக்கலாம். ஆக, ரோஸ் இல்லை என்பதால் சுத்தம் என்றும் நம்ப முடியாது.

இந்த விஷத்தைக் கண்டுபிடித்த கதையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் செத்தது குதிரைகள். அமெரிக்காவில் பூசண மக்காச்சோளம் தின்ற குதிரைகள் தள்ளாடி, பார்வை போய், சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்று செத்தன. அறுத்துப் பார்த்தால் மூளையின் வெண்பகுதி கரைந்திருக்கும். 1902-ல் பட்லர் என்பவர் பூசண மக்காச்சோளத்தைக் கொடுத்து அந்த நோயை வரவழைத்தே காட்டினார். 1904-ல் நெப்ராஸ்காவில் ஷெல்டன் பூஞ்சையை விவரித்து மொனிலிஃபார்மே என்று பெயர் வைத்தார். 1934, 35-ல் இல்லினாய் மாநிலத்தில் ஆயிரக்கணக்கில் குதிரைகள் போயின. இவ்வளவு நடந்தும், இந்தப் பூஞ்சைதான் குற்றவாளி என்பது 1971-ல்தான் உறுதியானது. எகிப்திலிருந்து வந்த மக்காச்சோளத்தில் இதைப் பிரித்தெடுத்து வளர்த்து, கழுதைக்குக் கொடுத்து நிரூபித்தார்கள். விஷம் என்ன என்பது அப்போதும் தெரியவில்லை. தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்கை என்ற பகுதியில் மக்காச்சோளம்தான் முழுநேரச் சாப்பாடு, அங்கே உணவுக்குழாய்ப் புற்றுநோய் மிக அதிகம். அதன் காரணத்தைத் தேடிப்போன கெல்டர்ப்ளோம், மராசாஸ் குழுவினர் 1988-ல் ஃபுமோனிசினைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டு, சுத்தமான ஃபுமோனிசினைக் குதிரைக்கு ஊசியில் செலுத்தி அந்த மூளை நோய் வருவதையும் காட்டினார்கள். முதல் குதிரைப் பரிசோதனையிலிருந்து 86 வருஷம்!

உடம்புக்குள் அது செய்வது இதுதான். நம் செல்களின் சவ்வுக்குத் தேவையான ஸ்பிங்கோலிப்பிட் என்ற கொழுப்பைத் தயாரிக்கும் வழியில் ஸ்பிங்கனின் என்று ஒரு பொருள் வரும். ஃபுமோனிசினின் முதுகெலும்பு அதைப் போலவே இருக்கும். கள்ளச்சாவி மாதிரி, ஸ்பிங்கனினைக் கையாளும் நொதியில் போய் மாட்டிக்கொண்டு வேலையை நிறுத்திவிடும். ஸ்பிங்கனின் தேங்கும், செல் கெடும். குதிரைக்கு மூளை, பன்றிக்கு நுரையீரலில் நீர்க்கோவை, எலிக்குக் கல்லீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் இடத்தில் அடி விழுகிறது.

மனிதருக்குப் புற்றுநோய் வருமா என்றால், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை 2பி என்ற வகுப்பில் வைத்திருக்கிறது, அதாவது வரக்கூடும் என்ற அளவில். அஃப்ளாடாக்சின் முதல் வகுப்பு, அதாவது உறுதியானது. டிரான்ஸ்கை புற்றுநோய்க்கு இதுதான் காரணம் என்று இன்றுவரை யாரும் முடித்துச் சொல்லவில்லை. வாட்ஸப்பில் 'மக்காச்சோளம் சாப்பிட்டால் கேன்சர்' என்று வந்தால் தயவுசெய்து பரப்பாதீர்கள்.

வாழை விஷயம்: அது ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் இனத்தில் வாழைக்கென்றே இருக்கும் ஒரு வகை, மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறுவது. உங்கள் கதிருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஃபியூசேரியம் பெரிய குடும்பம் அண்ணா. நெல் நாற்றை வெளிறி, நெடுநெடுவென்று வளர்த்துவிடும் பக்கானே நோயும் இந்தக் குடும்பத்து ஆள்தான். 1926-ல் தைவானில் குரோசாவா என்ற ஜப்பானியர் அந்தப் பூஞ்சை வளர்ந்த திரவத்தை மட்டும் வடித்துக் கொடுத்தே நாற்றை உயர வைத்தார். அதிலிருந்து வந்ததுதான் இன்று திராட்சைக்கு அடிக்கிற ஜிப்ரலிக் ஆசிட். நீங்கள் நெட்டில் பார்த்த கோதுமைக் கதை ஃபியூசேரியம் கிராமினேரம், குளிர் நாட்டுப் பிரச்சினை, அதன் விஷமும் வேறு.

---

லேப்_நாமக்கல் பதில்:

நான் கோழித் தீவன மில்லில் தர சோதனைப் பிரிவில் இருக்கிறேன். தம்பி மேலே சொன்னது சரி, விலை விவகாரத்தை மட்டும் நான் சொல்கிறேன்.

வியாபாரி உங்களை ஏமாற்றவில்லை என்று நான் சர்டிஃபிகேட் கொடுக்க மாட்டேன். ஆனால் கலர் இல்லாத சரக்குக்கு விலை குறைவதற்கு நியாயமான காரணமும் உண்டு. பூசணம் பிடித்த மணியில் மாவுச்சத்தும் எண்ணெயும் குறைந்திருக்கும், எடை இருக்காது, அரைக்கும்போது தூசியாகப் போகும். அஃப்ளா இல்லையென்றாலும் தீவன மதிப்பு குறைவுதான். ஈரம் இருந்தால் அதற்குப் பிடித்தம் தனி.

சோதனையைப் பற்றி ஒன்று. ஒரு கைப்பிடி எடுத்து டெஸ்ட் செய்தால் அது அந்தக் கைப்பிடிக்கான முடிவுதான். விஷம் எல்லா மணியிலும் ஒரே சீராக இருக்காது, கெட்ட மணிகளில் குவிந்து கிடக்கும். குத்தூசி போட்டுப் பல மூட்டைகளில், மேல் நடு அடி என்று எடுத்து, மொத்தமாக அரைத்து, அதிலிருந்து எடுக்க வேண்டும். சிலர் இருட்டு அறையில் நீல விளக்கைப் பிடித்து, பச்சையாக மினுங்கவில்லை என்றால் சுத்தம் என்பார்கள். அந்த மினுக்கம் ஆஸ்பெர்ஜில்லஸுக்கான அடையாளம், ஃபுமோனிசினை அந்த விளக்கு காட்டவே காட்டாது. நம்பகமான முடிவு வேண்டுமென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது, பணம் கட்டிச் செய்துகொள்ளலாம். கேட்கும்போது ஃபுமோனிசின் என்று தனியாகச் சொல்லுங்கள்.

கோழிக்குப் போடலாமா என்றால், கோழி இந்த விஷத்தை ஓரளவு தாங்கும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2001-ல் தீவன மக்காச்சோளத்துக்கு ஒரு வழிகாட்டி போட்டது. குதிரைக்கும் முயலுக்கும் 5 பிபிஎம் (கிலோவுக்கு 5 மில்லிகிராம்), பன்றிக்கு 20, இனப்பெருக்கக் கோழிக்கும் மாட்டுக்கும் 30, கறிக்காக வளர்க்கும் மாட்டுக்கு 60, கறிக்கோழிக்கு 100. இது மக்காச்சோளத்தில் இருக்கும் அளவு, மொத்தத் தீவனத்தில் பாதிக்கு மேல் அந்த மக்காச்சோளம் இருக்கக் கூடாது, குதிரைக்கும் முயலுக்கும் ஐந்தில் ஒரு பங்குதான். மனிதர் சாப்பிடும் மக்காச்சோள மாவு, ரவைக்கு 2 முதல் 4 பிபிஎம். பாருங்கள், கறிக்கோழிக்கும் குதிரைக்கும் எவ்வளவு வித்தியாசம்! அதனால்தான் எங்கள் தொழிலில் அஃப்ளாவுக்கு நடுங்குவோம், ஃபுமோனிசினுக்கு அவ்வளவு பதறுவதில்லை. அது சரி என்று சொல்லவில்லை, நடைமுறை அப்படி.

கடைகளில் டாக்சின் பைண்டர் என்று, தீவனத்தில் உள்ள விஷத்தைப் பிடித்துவைக்கும் பவுடரை மூட்டை மூட்டையாக விற்கிறார்கள். களிமண் வகை பைண்டர் அஃப்ளாடாக்சினை நன்றாகப் பிடிக்கும், ஃபுமோனிசினிடம் அவ்வளவாக எடுபடாது. ஃபுமோனிசினை உடைக்கும் நொதி தனியாக வந்திருக்கிறது, விலை அதிகம், வீட்டில் நாலு கோழி வைத்திருப்பவருக்கு அது வேண்டாத செலவு.

சல்லடை போடுங்கள். உடைசலிலும் தூசியிலும்தான் விஷம் அதிகம். அந்தச் சலித்த தூசியை 'சும்மா போவானேன்' என்று மாட்டுத் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள்.

---

சோளக்களி பதில்:

ஐயா, எல்லாம் படித்தேன். எங்கள் அப்பத்தா காலத்தில் மழையில் நனைந்த சோளத்தைக் காயவைத்து இடித்து களி கிண்டித்தான் தின்றோம். யாருக்கு என்ன ஆயிற்று? தொண்ணூறு வயசு வரை இருந்தார்கள். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு பெயர், ஒரு டெஸ்ட், ஒரு பவுடர். விவசாயியைப் பயமுறுத்தி விலை குறைக்க இன்னொரு வழி, அவ்வளவுதான். கரிசல்மானாவாரி தம்பி, வெயில் வந்ததும் களத்தில் நன்றாகக் காயப்போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் ஆகாது.

---

பூஞ்சைப்பித்தன் பதில்:

சோளக்களி ஐயா, பவுடர் வியாபாரத்தைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் 'யாருக்கு என்ன ஆயிற்று' என்றதற்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது.

1995-ல் தக்காணத்தில் அறுவடை நேரத்து மழையில் நனைந்த சோளமும் மக்காச்சோளமும் சாப்பிட்ட கிராமங்களில் வயிற்று வலி, வயிறு கடமுடவென்று சத்தம், பேதி என்று ஊர் ஊராகப் படுத்தார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்திலிருந்து ரமேஷ் பட் குழுவினர் போய்ப் பார்த்தார்கள். பாதிக்கப்பட்ட வீடுகளின் தானியத்தில் ஃபுமோனிசின், மக்காச்சோளத்தில் கிலோவுக்கு 60 மில்லிகிராமுக்கும் மேல் போன சாம்பிளும் இருந்தது. அந்தத் தானியத்தை விட்டதும் ஆட்கள் தேறிவிட்டார்கள். அதற்கு முன்பே 1987-ல் காஷ்மீர் பள்ளத்தாக்கில் மழையில் கெட்ட கோதுமை மாவு ரொட்டியால் இதே மாதிரி வயிற்று உபாதை, அங்கே குற்றவாளி ட்ரைக்கோதீசின் என்ற வேறு வகை விஷம். ஆக நடந்திருக்கிறது. வயிற்று வலியும் பேதியும் வந்து போனால் மழைக்காலத்துக் கோளாறு என்று விட்டுவிடுவோம், தானியத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை.

அப்பத்தா காலத்தில் குறைவாக இருந்திருக்கலாம் என்பதையும் நான் ஒத்துக்கொள்கிறேன், அதற்குக் காரணம் இருக்கிறது. பழைய நாட்டுச் சோளம் பல, பகல் நேரம் குறையும்போதுதான் பூக்கும். எப்போது விதைத்தாலும் மழை ஓய்கிற காலத்தில் கதிர் வந்து, காய்ந்த வெயிலில் முற்றும். பிறகு வந்த குட்டை, குறைந்த நாள் ரகங்கள் விளைச்சல் கூடக் கொடுத்தன, ஆனால் மழைக்கு நடுவிலேயே முற்றி நின்றன. சோளத்தில் கதிர்ப் பூசணம் பெரிய தலைவலியானது அதற்குப் பிறகுதான். பெரியவர்களின் உடம்பு இரும்பு என்பதைவிட அவர்களுடைய சோளம் மழையை ஏய்த்தது என்பது சரியான விளக்கமாக எனக்குப் படுகிறது.

காயப்போட்டால் சரியாகிவிடும் என்ற இடத்தில்தான் நான் ஒத்துப்போக மாட்டேன். ஃபியூசேரியத்துக்கு நல்ல ஈரம் வேண்டும், வயலில் நிற்கும் ஈரக் கதிரில்தான் அதன் ஆட்டம். மணியைக் காயவைத்துவிட்டால் பூஞ்சை நிற்கும், விஷம் கூடாது. ஆனால் ஏற்கெனவே உண்டான விஷம் வெயிலில் போகாது, சாதாரணச் சமையல் சூட்டிலும் பெரிதாகப் போகாது. அதற்காகக் காயப்போடாமல் இருக்கவும் கூடாது, ஏனென்றால் ஈரச் சரக்கை மூட்டை கட்டினால் அடுத்து ஆஸ்பெர்ஜில்லஸ் வந்து உட்காரும், அப்போது இரண்டு விஷமும் சேரும்.

---

கால்நடைத்தோழன் பதில்:

கால்நடை மருத்துவர் என்ற முறையில் கொஞ்சம்.

மாடு, ஆடு: ஓரளவு தாங்கும். பூசணம் தெரிகிற கதிர்களைத் தள்ளிவிட்டு மீதியை மற்றத் தீவனத்தோடு கலந்து குறைத்துக் கொடுக்கலாம். சினை மாடு, இளங்கன்று, குட்டி இவற்றுக்கு வேண்டாம். ஃபுமோனிசின் பாலில் வருவது மிகமிகக் குறைவு, அந்தப் பயம் அஃப்ளாவுக்குத்தான். தட்டையை மறந்துவிடாதீர்கள், கதிர் நனைந்த அதே மழையில்தான் தட்டையும் நின்றது. கறுத்து, பூசண வாடை அடிக்கும் தட்டையைத் தள்ளுங்கள். கதிர் கெட்டதைப் பார்க்கிறவர்கள் தட்டையைப் பார்ப்பதில்லை, எல்லாம் தட்டைப் போருக்குப் போய்விடுகிறது.

குதிரை, கழுதை: ஒரு மணி கூடப் போடாதீர்கள். நம் ஊரில் யார் குதிரை வளர்க்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம், மட்டக்குதிரை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், இப்போது பாலுக்காகக் கழுதைப் பண்ணை வேறு வைக்கிறார்கள். கலர் இல்லாத மக்காச்சோளம் மலிவாகக் கிடைத்தால் வாங்கிக் கொட்டுவது இவர்கள்தான். அந்த மூளை நோய் வந்த பிறகு மருந்து கிடையாது. முயல் வைத்திருந்தாலும் இதே பேச்சுதான்.

கோழி தீவனம் எடுக்காமல், வாயில் புண் தெரிந்தால் அது ஃபுமோனிசின் இல்லை, டி-2 என்ற இன்னொரு ஃபியூசேரியம் விஷமாக இருக்கலாம். வெண்பன்றி வைத்திருப்பவர்கள் பெண் குட்டிகளின் பிறப்புறுப்பு சிவந்து வீங்கினால் ஸீரலினோனைச் சந்தேகப்படுங்கள், அது ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்யும். ஒரே கதிரில் இரண்டு மூன்று விஷம் சேர்ந்தும் இருக்கும், அதனால் ஒரு டெஸ்ட் பாஸ் என்பதைக் கேட்டு நான் எப்போதும் சந்தோஷப்படுவதில்லை.

---

கரிசல்மானாவாரி பதில்:

எல்லோருக்கும் நன்றி. குதிரை இல்லை, முயலும் இல்லை, நிம்மதி. தட்டையை நான் யோசிக்கவே இல்லை டாக்டர், போர் போட்டதைப் பிரிக்க வேண்டியதுதான்.

இப்போது களத்தில் கதிராகக் கொட்டியிருக்கிறேன், தார்ப்பாய் மேல். தரம் பிரித்தால் எவ்வளவு பயன், அதற்குக் கூலி கட்டுமா? வீட்டு ரவைக்கு எடுப்பதை என்ன செய்யலாம் என்று யாரும் நேராகச் சொல்லவில்லையே. அடுத்த போகத்துக்கு ட்ரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்களை விதை நேர்த்திக்குக் கொடுக்கிறேன் என்கிறார் கடைக்காரர், பிரயோஜனம் உண்டா?

---

பூஞ்சைப்பித்தன் பதில்:

தரம் பிரிப்பதற்குக் கூலி கட்டும் அண்ணா, என் கருத்தில் மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் கட்டும். டிரான்ஸ்கை கிராமத்துப் பெண்கள் வீட்டு மக்காச்சோளத்தைப் பொறுக்கிக் கழுவும் முறையை அங்குள்ள ஆய்வாளர்கள் லேபில் அளந்து பார்த்தார்கள். கெட்டுப்போன, பூசணம் தெரிகிற மணிகளைக் கையால் பொறுக்கி எடுத்தார்கள், எடையில் அது 4 சதவீதம் கூட இல்லை. ஆனால் மொத்த ஃபுமோனிசினில் 71 சதவீதம் அதோடு போய்விட்டது. மீதி மணியைச் சாதாரணத் தண்ணீரில் 10 நிமிஷம் ஊறக் கழுவியதில் இன்னொரு 13 சதவீதம். ஃபுமோனிசின் தண்ணீரில் கரையும், அஃப்ளாடாக்சின் அப்படிக் கரையாது, அதனால் இந்தக் கழுவல் வித்தை ஃபுமோனிசினுக்கு மட்டும். கழுவிய தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாமல் கீழே கொட்டுங்கள்.

அதனால் கதிராக இருக்கும்போதே பிரித்துவிடுங்கள், மெஷினில் போட்டு மணியாக்கிவிட்டால் கெட்ட மணி எல்லாவற்றோடும் கலந்துவிடும். பூசணம் படர்ந்த கதிரை முழுசாக ஒதுக்குங்கள். நுனியில் மட்டும் புழு தின்ற கதிரை நுனி ஒடித்து எடுங்கள். வீட்டு ரவைக்கு, நன்றாக இருக்கும் கதிரில் மட்டும் எடுத்து, வெள்ளைக் கோடு விழுந்த மணியையும் பொறுக்கி, கழுவிக் காயவைத்து, தோல் நீக்கி உடையுங்கள். தோலிலும் முளைப் பகுதியிலும்தான் அதிகம், உள்ளே இருக்கும் மாவுப் பகுதியில் குறைவு. அப்படிச் செய்தாலும் தினம் மூன்று வேளை சாப்பிடுவதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், எப்போதாவது உப்புமாவுக்கு என்றால் பரவாயில்லை. கர்ப்பமாக இருப்பவர்கள் வீட்டில் இருந்தால் இந்த வருஷச் சரக்கை விட்டுவிடுங்கள். டெக்சாஸ் எல்லையோரம் 1990, 91-ல் மூளை, முதுகுத்தண்டு சரியாக உருவாகாத குழந்தைகள் வழக்கத்தை விட அதிகம் பிறந்தபோது, மக்காச்சோள ரொட்டியில் இருந்த ஃபுமோனிசின் மீது சந்தேகம் விழுந்தது. ஃபோலிக் அமிலம் செல்லுக்குள் போவதை இது கெடுக்கிறது என்று எலி ஆய்வுகள் காட்டின. முடிந்த முடிவு இல்லைதான், ஆனாலும் எதற்கு வம்பு.

விதை நேர்த்தி: முளைப்புக்கும் நாற்றழுகலுக்கும் நல்லது, செய்யுங்கள், செலவும் குறைவு. ஆனால் கதிரில் வரும் பூஞ்சை பெரும்பாலும் காற்றிலிருந்தும் புழு ஓட்டையிலிருந்தும் வருவது, விதையில் தடவிய மருந்து நாலு மாசம் கழித்துக் கதிருக்குக் காவல் நிற்காது. கடைக்காரர் அப்படிச் சொன்னால் நம்ப வேண்டாம். கதிருக்கு நேராகப் பலன் தருவது புழுவைக் கட்டுப்படுத்துவது. அமெரிக்காவில் அயோவாவில் 1990-களில் பிடி (Bt) மக்காச்சோளத்தை, அதாவது புழுவைக் கொல்லும் புரதத்தைத் தானே உண்டாக்கும் மரபணு மாற்ற ரகத்தை, சாதாரண ரகத்தோடு ஒப்பிட்டபோது, தண்டுத் துளைப்பான் குறைந்ததால் கதிர் அழுகலும் ஃபுமோனிசினும் குறைந்தன. நம் நாட்டில் பிடி மக்காச்சோளத்துக்கு அனுமதி இல்லை, நான் அதை வாங்கச் சொல்லவும் இல்லை, புழுவுக்கும் பூஞ்சைக்கும் உள்ள உறவு அதில் நன்றாகத் தெரிகிறது என்பதற்காகச் சொன்னேன். 2018-ல் படைப்புழு நம் நாட்டுக்குள் வந்த பிறகு, இலையைக் காப்பாற்றுவதோடு நிறுத்திவிடுகிறோம், கதிருக்குள் போன புழுவைக் கணக்கில் எடுப்பதில்லை.

ரகம் எடுக்கும்போது தோகை கதிர் நுனியை இறுக்கமாக மூடுகிறதா, முற்றியதும் கதிர் கீழே கவிழ்கிறதா என்று பாருங்கள். நிமிர்ந்தே நிற்கிற, நுனி திறந்த கதிருக்குள் மழைத்தண்ணீர் நேராக இறங்கும். முழு எதிர்ப்புள்ள ரகம் என்று யாராவது விற்றால் சந்தேகப்படுங்கள். இதற்கு ஒரே ஒரு எதிர்ப்பு ஜீன் என்று எதுவும் இல்லை, சின்னச் சின்ன ஜீன்கள் பல சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்குகின்றன. ஒரு கூடுதல் தகவல், ஃபுமோனிசின் தயாரிக்க முடியாத பூஞ்சையை லேபில் உருவாக்கிப் பார்த்தார்கள், அதுவும் கதிரை அதே மாதிரி அழுக வைத்தது! கதிர் அழுக இந்த விஷம் தேவையே இல்லை. அதனால்தான் பார்வைக்கு எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை வைத்து விஷத்தை அளக்க முடியாது என்று மேலே சொன்னேன்.

---

லேப்_நாமக்கல் பதில்:

பிரித்த சரக்கையும் பிரிக்காததையும் ஒரே விலைக்குக் கேட்டால் கொடுக்காதீர்கள். பிரித்து, சலித்து, ஈரம் 12, 13 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு எடுத்துப் போங்கள், ஒன்றுக்கு மேல் ஆட்கள் விலை கேட்கும் இடம் அது. ஒதுக்கிய கதிரை யாராவது ஒரு வியாபாரி 'நான் எடுத்துக்கறேன், கலந்து தள்ளிடலாம்' என்பார். அந்தச் சரக்குதான் சுற்றி யார் வீட்டுக் கழுதைக்கோ போய்ச் சேருகிறது. வயலோரம் குழி வெட்டிப் போட்டு மூடிவிடுங்கள்.

---

சோளக்களி பதில்:

பொறுக்கிக் கழுவுவதை அப்பத்தாவும்தான் செய்தது தம்பி, முறத்தில் போட்டுப் புடைத்து, கறுத்ததைப் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் இடிக்கும். அதை நான் சொல்ல விட்டுவிட்டேன். கரிசல்மானாவாரி, கதிர் பிரிக்க ஆள் கிடைக்கிறதா? எங்கள் பக்கம் நூறு நாள் வேலை நடக்கும்போது கிடைப்பதில்லை.

---

கரிசல்மானாவாரி பதில்:

வீட்டு ஆட்களும் பக்கத்து வீட்டு அக்காவுமாக ஆரம்பித்துவிட்டோம் ஐயா. ஒதுக்கிய குவியல் நினைத்ததை விடச் சின்னதாகத்தான் இருக்கிறது. பூஞ்சைப்பித்தன் தம்பி, ஒரு சந்தேகம், பிரித்த பிறகு நாமக்கல்லுக்குச் சாம்பிள் அனுப்ப எவ்வளவு மணி வேண்டும், அரைத்து அனுப்பலாமா?

---

லேப்_நாமக்கல் பதில்:

அரைக்காமல் மணியாகவே அனுப்புங்கள், கிலோவுக்குக் குறையாமல். காய்ந்த பிறகு எடுங்கள், துணிப்பை அல்லது காகிதப் பையில் போடுங்கள், பிளாஸ்டிக் கவரில் ஈரத்தோடு கட்டினால் வழியிலேயே பூத்துவிடும். பல மூட்டைகளிலிருந்து எடுத்துக் கலந்ததா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.